பத்து மணிக்கு இருபதாயிரம் பேர்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் முட்டி மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகம் சுளிக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? (இது அம்மாவின் கேள்வி. என்னுடையது கீழே வருகிறது.)

ஏன் திடீரென்று கடிதம் என்று நினைப்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். அவளும் அப்பாவும் கேட்டு முடித்து என் முறை வருவதற்குள் "சரி, ஆபீஸ் வேலை இருக்கு, வெச்சிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நீ பன்னிரண்டாம் வகுப்பில் படித்தபோது நம் பள்ளிக்குச் செய்துகொடுத்த தேர்வு முடிவு வெப்சைட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த வருடம் முப்பத்தாறு பள்ளிகள் சேர்ந்து ஒரே தேர்வு நடத்துகின்றன. எழுதப்போகிறவர்கள் இருபதாயிரம் பேர். முடிவு மே 6, காலை பத்து மணிக்கு. எல்லோரும் அதே நிமிடத்தில்தான் பார்ப்பார்கள். நம் வெப்சைட்டிலேயே வெளியிடத் தலைமையாசிரியைக்கு ஆசை. கணினி சார்தான் முட்டுக்கட்டை போடுகிறார். வெளியே ஒரு கம்பெனி பெரிய ஃபிரேம்வொர்க்கில் புதிதாகச் செய்து தருகிறதாம்.

"உங்க அண்ணன் கட்டினது சின்ன ஃபிரேம்வொர்க்மா. நாலு கம்பு, ஒரு கூரை. அதுக்குக் கீழ ஊரையே நிக்க வைக்க முடியுமா?" என்றார்.

ஃபிரேம்வொர்க் என்றால் வெப்சைட் கட்டுவதற்கு யாரோ முன்கூட்டியே செய்துவைத்த சட்டம் என்று எனக்கு ஏழு வயதில் நீ சொன்னது நினைவிருக்கிறது. பெரிய சட்டத்தில் எல்லாம் இருக்கும், சின்னதில் கொஞ்சம்தான் இருக்கும், மீதியை நாமே செய்துகொள்ள வேண்டும். ஆனால் சின்னது தாங்குமா என்று அன்று நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். மார்ச் கடைசிக்குள் தாங்கும் என்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் உன்னுடையதை எடுத்துவிடுவார்கள்.

தாங்குமா, தாங்காதா? உடனே எழுது.

உன் பதிலுக்காகத் தபால்காரரை முறைத்துக்கொண்டிருக்கும்
தங்கை


பிப்ரவரி 3

அன்புள்ள அகராதிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன், துணியும் துவைக்கிறேன், அம்மாவிடம் சொல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை.

தாங்காது. கணினி சார் சொல்வதுதான் சரி. சின்னது சின்னதுதான். ஐநூறு பேருக்குச் செய்ததில் இருபதாயிரம் பேரை ஏற்றினால் நடுவழியில் குடை சாய்ந்துவிடும். அந்தக் கம்பெனியிடம் கொடுத்துவிடச் சொல். நீ பரீட்சைக்குப் படி.

அப்பாவை மாடி ஏற வேண்டாம் என்று சொல்.

அன்புடன்
அண்ணா


பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம், நான் மட்டும் உன்மேல் கோபமாக இருக்கிறேன். வீட்டில் இன்னும் என்னை அகராதி என்று கூப்பிடுகிறவன் நீ ஒருவன்தான். அதனால் பாதிக் கோபம் போய்விட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

மாடி அறையை மறந்துவிட்டாயா? பழைய கதவை இரண்டு பெட்டிகள்மேல் படுக்கவைத்து மேஜை ஆக்கியிருந்தாய். கம்ப்யூட்டரின் விசிறி மழை பெய்வதுபோல் இரையும். எனக்கு நீ ஒரு வேலை கொடுத்திருந்தாய்: புதுப்பிக்கும் பொத்தானை விடாமல் அழுத்துவது. "நீதான் கூட்டம். நூறு பேர் வந்த மாதிரி அழுத்து" என்பாய். விரல் வலிக்க அழுத்துவேன். பக்கம் ஒவ்வொரு முறையும் வந்துவிடும். "பார்த்தியா, அகராதி! கூட்டம் தள்ளுது, கடை சாயலை" என்று குதிப்பாய். அப்படிக் குதித்தவனா இப்போது மூன்றே வரியில் "சின்னது சின்னதுதான்" என்று எழுதுகிறவன்?

சரி, ஒப்புக்கொள்கிறேன். கணினி அறையில் சோதித்துப் பார்த்தோம். முப்பது கம்ப்யூட்டர், முப்பது பெண்கள். நான் கைதட்டியதும் எல்லோரும் ஒன்றாகத் திறக்க வேண்டும். ஐந்து பேர் திறந்தபோது சட்டென்று வந்தது. முப்பது பேர் திறந்தபோது கடைசிப் பெண்ணுக்கு வருவதற்குள் அவள் பின்னலைப் பிரித்து மறுபடி போட்டுவிட்டாள். கணினி சார் கூரையைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அவர் திட்டியிருக்கலாம்.

ஆனால் ஏன் இப்படி இழுக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஏன் என்று தெரியாமல் தோற்றுப்போக எனக்கு இஷ்டமில்லை. நீ எதையும் காரணம் சொல்லாமல் விடுகிறவன் இல்லையே, அண்ணா.

இன்னொன்று. உன் கடிதத்தின் பின்பக்கத்தில் "உடையும் பொருள், மெதுவாகக் கையாளவும்" என்று அச்சடித்திருந்தது. உங்கள் ஆபீஸில் எழுதுவதற்கு இப்படித்தான் தாள் கொடுக்கிறார்களா?

பாதிக் கோபத்துடன்
தங்கை


மார்ச் 2

அன்புள்ள அகராதிக்கு,

சுகம்தானே? எனக்குக் கொஞ்சம் இடுப்பு வலி, உட்கார்ந்தே இருப்பதால்தான். பெரிதாக ஒன்றுமில்லை, அம்மாவிடம் சொல்லாதே.

காரணம் கேட்டாய். ஒரு கதை சொல்கிறேன்.

என் ஆபீஸில் ஒருத்தன் இருந்தான். ஒரு பெரிய போட்டிக்கு டிக்கெட் விற்கும் பக்கத்தை அவன்தான் செய்தான். சின்ன ஃபிரேம்வொர்க்கில். பெரியவர்கள் வேண்டாம் என்றார்கள். "இது எனக்குப் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து பழக்கம், தாங்கும்" என்று அவன்தான் மேஜையைத் தட்டிச் சொன்னான். விற்பனை தொடங்கியது. ஐம்பதாயிரம் பேர் வந்தார்கள். இரண்டாவது நிமிடம் பக்கம் நின்றது. ஐம்பது நிமிடம் யாருக்கும் ஒன்றும் திறக்கவில்லை. மறுநாள் அறையில் பதினோரு பேர் உட்கார்ந்து அவனைப் பார்த்தார்கள். "சின்ன ஃபிரேம்வொர்க் பெரிய கூட்டத்துக்கு ஆகாது" என்று ஒரு வரியில் அறிக்கை எழுதி முடித்தார்கள். அவனும் அதில் கையெழுத்துப் போட்டான்.

அவன் இப்போது அங்கே இல்லை.

மே 6 காலையில் இருபதாயிரம் பிள்ளைகள் வெள்ளைத் திரையைப் பார்த்து அழுவார்கள். அதற்குப் பிறகு பள்ளிக்கூட நடையில் எல்லோரும் உன்னைப் பார்ப்பார்கள். அது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அன்புடன்
அண்ணா


மார்ச் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

இடுப்புக்கு வெந்நீர் ஒற்றடம் கொடு. அம்மாவிடம் சொல்லவில்லை. "அண்ணனுக்கு எல்லாம் சௌக்கியம்" என்று மட்டும் வாசித்துக் காட்டினேன். பொய் சொன்னமாதிரி ஆகாது, பாதி வாசித்தமாதிரிதான்.

நீ சொன்ன அந்த ஒருத்தரை நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பதினோரு பேர் இருந்தார்களே, ஒருவராவது "ஏன் நின்றது?" என்று கேட்கவில்லையா? ஒரு வரியில் எழுதிவிட்டால் அது காரணம் ஆகிவிடுமா? எங்கள் அறிவியல் டீச்சர் அந்த அறிக்கைக்குப் பூஜ்யம் போட்டிருப்பார்.

நான் ஒரு வேலை செய்தேன். நூலகப் புத்தகம் ஒன்றைப் பார்த்து, உன் புரோகிராமில் ஒவ்வொரு படியிலும் நேரத்தைக் குறிக்கும்படி எழுதினேன். மாணவியின் எண்ணைக் கேட்டு, மார்க்கைத் தேடி, பக்கத்தைக் கட்டி அனுப்ப எவ்வளவு நேரம் ஆகிறது தெரியுமா? ஒருமுறை கண் சிமிட்டும் நேரம்தான்! மீதி நேரமெல்லாம் வரிசையில் நிற்கும் நேரம். வேலை செய்கிறவர் படு சுறுசுறுப்பு. ஆனால் ஒரே ஆளாக உட்கார்ந்திருக்கிறார். ஒரு ஜன்னல் மட்டும் திறந்திருக்கும் கவுண்டர் மாதிரி.

அந்த ஒரு ஜன்னலை யார் வைத்தது? ஃபிரேம்வொர்க்கா, வேறு ஏதாவதா? உனக்குத் தெரிந்திருக்கும். இன்னும் இருபத்தைந்து நாள்தான் இருக்கிறது.

அவசரத்துடன்
தங்கை


மார்ச் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று பயந்தேன். ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரல் நன்றாகத்தான் இருந்தது. பின்னால் யாரோ "அந்த நாலு பெட்டியையும் ஏத்திட்டியா?" என்று கத்தினார்கள். அப்பா, "என்னடா சத்தம்?" என்றார். நீ, "பக்கத்து ரூம்ல வீடு மாத்தறாங்கப்பா" என்றாய். நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஜன்னலை வைத்தது யார் என்று கண்டுபிடித்துவிட்டேன். உட்கார்ந்துகொண்டு படி.

உன் வெப்சைட்டைத் தொடங்கிவைக்க ஒரு சின்னக் கோப்பு இருக்கிறதே, மொத்தம் ஒன்பது வரி, அதில் மூன்றாவது வரி எதற்கு என்று எனக்கும் கணினி சாருக்கும் புரியவில்லை. அதற்குமேல் நீ குறிப்பு எழுதியிருந்தாய்: "சிவப்பு எழுத்து வராமல் இருக்க. அகராதி அழுகிறாள்."

சட்டென்று நினைவு வந்துவிட்டது அண்ணா. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் திரையில் சிவப்பாக ஏதோ வரும். கம்ப்யூட்டருக்குக் கோபம் வந்துவிட்டது, நான் பொத்தானை அழுத்தி அழுத்திக் கெடுத்துவிட்டேன் என்று நான் அழுதேன். நீ மறுநாளே அது வராமல் செய்துவிட்டாய். "கோபம் போயிடுச்சு, பாரு" என்று காட்டினாய்.

கணினி சார் அந்த வரியை எடுத்துவிட்டுத் தொடங்கினார். ஏழு வருடத்துக்குப் பிறகு சிவப்பு எழுத்து வந்தது. இப்போது எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியுமே. "இது பழகுவதற்கான சர்வர். உண்மையான கூட்டத்துக்கு இதை வைக்காதீர்கள்" என்று எழுதியிருக்கிறது. சர்வர்தான் வருகிறவர்களுக்குப் பக்கத்தை எடுத்துக் கொடுப்பது; இது, கட்டும்போது ஓட்டிப் பார்ப்பதற்காகச் சட்டத்தோடு கூடவே வரும் குட்டி சர்வர். நம்முடைய பழைய பதிப்பில் அது ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் கவனிக்கும். ஃபிரேம்வொர்க் பாவம், முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நாம்தான் அதன் வாயைப் பொத்திவிட்டோம்.

உன் புரோகிராமில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. பழகும் சர்வரை எடுத்துவிட்டு, எட்டு ஜன்னல் உள்ள நிஜ சர்வரில் வைத்தோம். முப்பது பெண்கள் திறந்தார்கள். நான் கைதட்டிய கையைக் கீழே போடுவதற்குள் முப்பது பேருக்கும் வந்துவிட்டது! கணினி சார் இந்த முறை கூரையைப் பார்க்கவில்லை.

ஒரு உதவி செய். உன் ஆபீஸில் இருந்த அந்த ஒருத்தரிடம் கேள். அவரும் இப்படி ஒரு கோப்பை எங்கிருந்தாவது எடுத்து ஒட்டியிருந்தாரா?

பதில் வரும் என்ற நம்பிக்கையுடன்
தங்கை


மார்ச் 25

அகராதி,

கேட்டேன். ஒட்டியிருந்தான்.

அவனிடம் பழைய நகல் ஒன்று இருந்தது. எட்டு மாதமாகத் திறந்தே பார்க்காமல் வைத்திருந்தான். உன் கடிதம் வந்த அன்று திறந்தான். அதே ஒன்பது வரி. மூன்றாவது வரிக்கு மேலே இருந்த குறிப்பைக்கூட அழிக்காமல் அப்படியே வைத்திருந்தான், முட்டாள். செய்கிற எல்லாவற்றுக்கும் அந்தக் கோப்பைத்தான் முதலில் எடுத்து வைப்பானாம். ராசியான கோப்பாம்.

நான் அவனோடு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சரி, இப்போது வேலையைக் கவனி. எட்டு ஜன்னல் போதாது. முடிவுகள் பத்து மணிக்குப் பிறகு மாறப்போவதில்லை. அப்படியிருக்க ஒவ்வொருத்தருக்கும் ஏன் புதிதாக மார்க்கைத் தேடிப் பக்கம் கட்ட வேண்டும்? ஒன்பது மணிக்கே இருபதாயிரம் பக்கங்களையும் கட்டித் தயாராக வைத்துவிடு. வந்தவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் வேலையாக இருக்க வேண்டும். அப்புறம் ஒரு இயந்திரம் போதாது, இரண்டு கேள். ஒன்று படுத்தாலும் மற்றது நிற்கும். கூட்டம் வருவதுபோல் நடிக்கும் புரோகிராம்கள் இருக்கின்றன, கணினி சாருக்குத் தெரியும். முப்பது பெண்களை வைத்துக்கொண்டு கைதட்டாதே!

கடைசியாக ஒன்று. முதல் பக்கத்தில் தலைமையாசிரியையின் படம் இருக்கிறதே, அது மட்டும் நாலு எம்.பி. கனம். அப்போது எனக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை. அது இருந்தால் எந்த ஃபிரேம்வொர்க்கும் தாங்காது. பூனைக்கு மணி கட்டுவது உன் பொறுப்பு.

அண்ணா

பின்குறிப்பு: நலம் விசாரிக்க மறந்துவிட்டேன். எல்லோரும் நலம்தானே?


ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலமோ நலம். ஆறு நாளில் பதில்! தபால்காரர்கூட ஆச்சரியப்பட்டார்.

முப்பத்தொன்றாம் தேதி தலைமையாசிரியை முன்னால் ஒத்திகை. நடிக்கும் கூட்டத்தில் முதலில் ஆயிரம் பேர், பிறகு ஐயாயிரம், பிறகு இருபத்தைந்தாயிரம். நின்றது! அதாவது விழாமல் நின்றது. ஆனால் முதல் பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"மிஸ், உங்க படம் ரொம்பப் பெரிசு."

"அதனால என்ன? ஸ்டூடியோல போய் எடுத்தது."

"நல்லாத்தான் இருக்கு மிஸ். ஆனா மார்க்கைப் பார்க்க வர்றவங்க எல்லாரும் முதல்ல உங்களை முழுசாப் பார்த்து முடிக்க வேண்டியிருக்கு."

கணினி சாருக்கு இருமல் வந்துவிட்டது. மிஸ் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "அன்னைக்கு ஏற்கெனவே பயந்துபோய் வருவாங்க. என் மூஞ்சி வேற எதுக்கு? எடுத்துடு" என்றார். கையெழுத்தும் போட்டுவிட்டார். உன் வெப்சைட்தான், அண்ணா!

ஆனால் எனக்கு ஒன்று மனதை அறுக்கிறது. நான் அன்று அழாமல் இருந்திருந்தால் அந்த வரியே இருந்திருக்காது. அந்த ஒருத்தருக்கு இப்படி ஆகியிருக்காது. அவரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்பாயா?

தங்கை


ஏப்ரல் 13

அன்புள்ள அகராதிக்கு,

நான் நலம், இடுப்பும் நலம்.

உன் மன்னிப்பை அவன் வாங்கிக்கொள்ள மாட்டான். ஏழு வயதுப் பிள்ளை அழுதால் பதினேழு வயதுக்காரன் சிவப்பை மறைக்கலாம், தப்பில்லை. இருபத்துமூன்று வயதில், அழ யாரும் பக்கத்தில் இல்லாதபோது, அவன் ஏன் அதை மறைத்தே வைத்திருந்தான்? அது அவன் பாடு. தப்பு ஃபிரேம்வொர்க்கின்மேல் இல்லை, உன்மேலும் இல்லை. தப்பு அவனுடையதுதான். ஆனால் எட்டு மாதமாகத் தன் தலையே சின்னது, பெரிய இடத்துக்கு ஆகாது என்று நினைத்துக்கொண்டிருந்தான். இப்போது தப்பு ஒரே ஒரு வரி என்று தெரிந்துவிட்டது. ஒரு வரியைத் திருத்திக்கொள்ளலாம்.

மாடி அறையில் அந்தக் கதவு மேஜை இன்னும் இருக்கிறதா?

அண்ணா


மே 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

மேஜை இருக்கிறது. அதன்மேல் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எல்லோரும் நலம்.

நேற்று பள்ளிக் கணினி அறையில் கணினி சார், தலைமையாசிரியை, நான். ஒன்பது ஐம்பத்தொன்பதுக்கு மூவரும் திரையை நெருங்கி உட்கார்ந்தோம். பத்து. எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணும் கட்டத்தில் எண்கள் ஓட ஆரம்பித்தன. முதல் நிமிடத்தில் மட்டும் இருபத்தாறாயிரம் முறை கேட்டிருக்கிறார்கள், அப்பா அம்மா அத்தை மாமா எல்லோரும் சேர்ந்து. ஒருவருக்கும் காத்திருக்க நேரவில்லை. கணினி சார், "அடேயப்பா, நாலு கம்பு!" என்றார்.

பத்து ஏழுக்கு ஒரு பள்ளியிலிருந்து போன். அவர்கள் பிள்ளைகளுக்கு மட்டும் "இந்த எண் இல்லை" என்று வந்ததாம். உடனே கோப்பைத் திறந்தேன். பார்த்தால், அவர்கள் அனுப்பிய பட்டியலில் எண்ணுக்கு முன்னால் இருந்த பூஜ்யம் விழுந்துபோயிருந்தது. பன்னிரண்டு நிமிடத்தில் சரி செய்தோம். ஃபிரேம்வொர்க் விழவில்லை அண்ணா, விழுந்தது ஒரு பூஜ்யம்தான்.

மிஸ், "இதைச் செய்த பையன் இப்ப எங்க இருக்கான்?" என்று கேட்டார். "பெரிய கம்பெனியில" என்றேன். போன ஞாயிறு அப்பா உன் ஆபீஸ் எத்தனையாவது மாடி என்று கேட்டபோது பதினான்கு என்றாய். போன வருடம் பதினொன்று என்றிருந்தாய். நான் திருத்தவில்லை. யாரிடமும் திருத்த மாட்டேன்.

இது தாங்கியதை அந்த ஒருத்தரிடம் சொல். அவருக்கும் வீடு என்று ஒன்று இருக்கும் அல்லவா? அவர்களுக்கும் தெரிந்தால் நன்றாயிருக்கும்.

தங்கை


மே 15

அன்புள்ள தங்கைக்கு,

சொன்னேன். இரண்டு முறை வாசிக்கச் சொன்னான்.

இந்தக் கவருக்குள் இன்னொரு கவர் இருக்கிறது. அப்பா அம்மாவுக்கு. இப்போது நான் பார்சல் கிடங்கில் பெட்டி ஏற்றுவதும், அந்தப் பதினோரு பேரில் ஒருவருக்கு நேற்று நான் எழுதியதும் அதில் இருக்கின்றன. திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதவில்லை, காரணத்தை மட்டும் எழுதினேன். அப்பா மாடியில் இல்லாதபோது கொடு. படியில் நின்று படிக்க வேண்டாம்.

அண்ணா


மே 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

கொடுத்துவிட்டேன். அப்பா உட்கார்ந்துதான் படித்தார். படித்துவிட்டு, "பெட்டி தூக்கினதுல தப்பு என்ன இருக்கு? இடுப்புக்கு ஒரு பட்டையாவது கட்டிக்கிட்டுத் தூக்கினானா?" என்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் இடுப்புப் பட்டை. அதுதான் இந்தப் பார்சலில் இருக்கிறது.

அம்மா அழவில்லை. என்னிடம் தாள் கேட்டாள். ஒரு பக்கம் எழுதினாள், எனக்குக் காட்டவில்லை. நானும் எட்டிப் பார்க்கவில்லை. இத்தனை நாளும் கவர்களில் உன் பெயருக்குக் கீழே உன் வேலையையும் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுவாள், உனக்குத் தெரியும். இன்று அவளே எழுதினாள். வேலையை எழுதவில்லை. பெயரைக்கூட முழுசாக எழுதவில்லை, சின்ன வயதில் உன்னைத் தொட்டிலில் போட்டுக் கூப்பிட்ட பெயரை எழுதினாள்.

"அம்மா, தபால்காரருக்கு இது யாருன்னு புரியாதே" என்றேன்.

"வாங்கறவனுக்குப் புரியும், ஒட்டு" என்றாள்.

தங்கை